கடனுக்கு ஈடாகக் காணிக்கையா?

தொண்டு செய்யப் புறப்படும் இளையோரைக் குறை கூறுவது எவருக்கும் உவப்பான செயலன்று. ஆயினும் சில செய்திகளைக் கூறாதிருத்தல் அதனினும் தவறு. ஆப்பிரிக்க நாடுகளில் ஆறு திங்களோ ஓராண்டோ தன்னார்வப் பணியாற்றித் திரும்புவோர் தம் பட்டறிவை எழுதுகின்றனர்; மேடைகளில் பகிர்கின்றனர். 'சமூகப் புதுமையாக்கம்' என்னும் சொல் அவற்றில் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. புகையில்லா அடுப்பு, சூரிய விளக்கு, மலிவான நீர்வடிகட்டி என ஏழையின் இடர் ஒவ்வொன்றுக்கும் ஒரு கருவி உண்டு. அதனைக் கண்டறியும் கூர்மதியே தேவை என்பது அச்சொல்லின் உட்கிடை. இவ்வெண்ணம் இன்று நம் பாலாற்றங்கரைக்கும் வந்து சேர்ந்துள்ளது. வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியில் வாழும் நாம் இதனை ஏற்கலாகாது என்பதே நம் வழக்கு.

ஆப்பிரிக்க மண்ணே இதற்குச் சான்று தருகிறது. தென்னாப்பிரிக்காவில் 'பிளேபம்ப்' என்றொரு கருவி தோன்றியது. சிறுவர் ஏறிச் சுற்றும் ராட்டினத்தை ஆழ்துளைக் குழாயுடன் இணைத்துவிட்டால், அவர்கள் விளையாட விளையாட நீர் மேலேறித் தொட்டியை நிரப்பும். கேட்டவர் நெஞ்சமெல்லாம் குளிர்ந்தது. 2006-இல் அமெரிக்க அரசும் அறக்கட்டளைகளும் சேர்ந்து 1 கோடியே 64 லட்சம் டாலர் தருவதாக அறிவித்தன. நடந்தது என்ன? சிறுவர் களைத்து இறங்கியபின், பெண்கள் குனிந்து நின்று அப்பெரிய சக்கரத்தைக் கையால் சுற்ற நேர்ந்தது. குறித்த அளவு நீர் கிடைக்க வேண்டுமாயின் சிறுவர் நாளொன்றுக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று 2009-இல் ஆங்கில நாளேடு ஒன்று கணக்கிட்டுக் காட்டியது! குடம் சுமக்கும் பெண்ணைக் கேளாமலே அவளுக்காகச் சிந்தித்ததன் விளைவு இது.

அங்கும் வேறு வழி கண்டோர் உண்டு. பெனடிக்டின் அருள்சகோதரியரின் கல்லூரியில் பயின்ற வங்காரி மாத்தாய், 1977-இல் கென்யாவில் பசுமை வளைய இயக்கத்தைத் தொடங்கினார். விறகும் நீரும் அருகிவிட்டன என்று நாட்டுப்புறப் பெண்கள் சொன்னதைக் கேட்டு, அவர்களைக் கொண்டே மரக்கன்றுகளை நட்டார். கன்றோடு அவர் நின்றுவிடவில்லை. 1989-இல் நைரோபியின் பொதுப் பூங்காவில் ஆட்சியாளர் வானளாவிய கட்டடம் எழுப்ப முனைந்தபோது எதிர்த்து நின்றார். பின்னர் அடியும் சிறையும் பெற்றார். 2004-இல் நோபல் அமைதிப் பரிசு அவரைத் தேடி வந்தது. மரம் நடுவதைப் பாராட்டும் நம்மவர் பலர், மரத்தை வெட்டுவோரைத் தட்டிக் கேட்டதைப் பேசுவதில்லை.

இனி நம் ஆற்றுக்கு வருவோம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட காலம் மெல்ல மறைந்து, குரோமிய உப்பின் காலம் வந்தது. பச்சைத்தோல் அழுகாதிருக்க இட்ட உப்பும், மயிர் நீக்கும் சுண்ணாம்பும், குரோமியமும், அமிலமும், சாயமும் கலந்த கழிவுநீர் ஏரிகளிலும் வாய்க்கால்களிலும் பாலாற்றிலும் பாய்ந்தது. கிணறுகள் உவர்ந்தன. ஏறத்தாழ 35,000 எக்டேர் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்குத் தகுதியற்றதாயிற்று என்னும் வேளாண் ஆய்வுக் கணக்கு, உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இடம்பெற்றுள்ளது.

அத்தீர்ப்பு தானாக வந்ததன்று. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு வழங்கியது. மாசுபடுத்தியவரே ஈடு செய்தல் வேண்டும் என்னும் நெறி இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அங்கே உறுதி செய்யப்பட்டது. இந்தியாவெங்கும் சட்ட மாணவர் பயிலும் தீர்ப்பு நம் ஊரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நம் பங்கு மக்களில் எத்துணைப் பேர் அதனை அறிவர்? இழப்பைக் கணக்கிட அமைந்த ஆணையம் 2001-இல், மாவட்டத்தில் 29,000-க்கும் மேற்பட்டோருக்குச் சுமார் 26 கோடி ரூபாய் என்று முடிவு செய்தது. வகுத்துப் பாருங்கள். பாழான வயலுக்கும் கெட்ட கிணற்றுக்கும் ஆளுக்குச் சராசரியாகப் பத்தாயிரம் ரூபாய்கூட இல்லை. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறக்கத்திலிருந்த தொழிலாளர் உட்படப் பத்துப் பேர் மாண்டனர். அவருள் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வங்கத்திலிருந்து வந்தவர்கள். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, இன்னும் இழப்பீடு பெறாதோருக்கு அதனை வழங்குமாறும், அத்தொகையை மாசுபடுத்தியவரிடமிருந்து வசூலிக்குமாறும், ஆற்றைச் சீரமைக்கக் குழு அமைக்குமாறும் ஆணையிட்டது. முதல் வழக்கிலிருந்து முப்பத்து நான்கு ஆண்டுகள்!

இத்தகைய ஊருக்குள் தன்னார்வலர் ஒருவர் ஆர்.ஓ. இயந்திரத்துடன் நுழைகிறார். நாடா வெட்டப்படுகிறது, நன்கொடையாளர் பெயர் பளிங்கில் பொறிக்கப்படுகிறது. உவர்நீரை வடிக்கும் அவ்வியந்திரம், வடித்தது போக எஞ்சிய, முன்னிலும் உவர்ப்பான நீரை அதே மண்ணில்தான் கொட்டுகிறது. சவ்வை மாற்றப் பணம் வேண்டும், மின்கட்டணம் வேண்டும். கொணர்ந்தவர் போனபின் பூட்டுத் தொங்கும் கொட்டகைகளை நாம் காணாதவரல்லோம். ஆயினும் நம் வழக்கு இயந்திரத்தின் பழுதைப் பற்றியதன்று. அது பழுதின்றி ஓடினாலும் வழக்கு அப்படியே இருக்கும். கிணற்றை இழந்தவர் கடன் கொடுத்தவரின் நிலையில் இருக்கிறார். அவருக்குச் சேர வேண்டியது ஒன்று உண்டு. அவரையே பயனாளி என்று அழைத்து, வரிசையில் நிறுத்தி, நன்றி சொல்லவும் வைக்கிறோமே, இது என்ன அறம்? நீரைக் கெடுத்த தொழிலின் இலாபத்திலிருந்தே அந்நன்கொடை வந்திருக்குமாயின், கடனாளி வள்ளலாகவும் கடன் கொடுத்தவர் இரவலராகவும் மாறிவிடுகின்றனர்.

'நீதிமன்றம் முடிவு சொல்லும் வரை மக்கள் விடாயில் வாடலாமோ?' என்று கேட்பர். வாடலாகாது, நீர் கொடுங்கள். அதனை வளர்ச்சி என்று பெயரிட்டு வழக்கை மூடிவிடாதீர்கள் என்பதே நம் வேண்டுகோள். 'தொழில் அழிந்தால் சோறு ஏது?' என்றும் கேட்பர். இது மெய்யான கேள்வி. தொழிற்கூடங்களிலும், வீட்டுத் திண்ணைகளில் சோடிக்கு இவ்வளவு என்னும் கூலிக்குக் காலணியின் மேற்பாகம் தைத்தும் வாழும் பெண்கள் நம் அன்பியங்களிலும் உள்ளனர். ஆனால் தொழிலை மூடுவதா, ஆற்றைக் கொல்வதா என்று இரண்டே வழிகள் இருப்பதாகக் காட்டுவது சூழ்ச்சி. குரோமியத்தை மீட்டெடுக்கும் முறையைச் சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் என்றோ காட்டிவிட்டது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் எழுந்துள்ளன. இங்கே குறை அறிவில் இல்லை. செலவை யார் தலையில் ஏற்றுவது என்பதில்தான் இருக்கிறது. காலணியை மலிவாகக் கேட்கும் அயல்நாட்டு வணிகரும் அக்கணக்கில் அடங்குவர்.

புதுமையே வேண்டாமென்பதோ நம் கருத்து? இல்லை. 1946-இல் வேலூருக்கு வந்த மருத்துவர் பால் பிராண்டை நினைவுகூர்வோம். தொழுநோயில் விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பியிருந்தது. அவர் நோயாளருடன் அமர்ந்தார். அவர்கள் அன்றாடம் செய்வதைக் கூர்ந்து நோக்கினார். வலி உணராமையே கேட்டுக்குக் காரணம் எனக் கண்டார். இரவில் எலி கடிப்பதை உணராதோருக்குப் பூனைகள் தரப்பட்டன! முடங்கிய கைகளை அறுவையால் நிமிர்த்தியபின், அக்கையைக் காட்டிப் பிச்சையும் கேட்க இயலவில்லை, வேலை தருவாரும் இல்லை என்று அவர்கள் முறையிட்டனர். அம்முறையீட்டைக் கேட்டதால்தான் தச்சும் பிற தொழிலும் பயிற்றும் நவஜீவ நிலையம் எழுந்தது. உணர்விழந்த பாதங்களுக்கான மென்ரப்பர் செருப்புகளும் இப்படியே உருவாயின. பிராண்ட் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இங்கே தங்கினார் என்பதை ஆறு திங்களில் திரும்பும் அன்பர்கள் மனத்திற்கொள்க.

1971-இல் கூடிய உலக ஆயர் மாமன்றம், நீதிக்காகச் செயல்படுவது நற்செய்தி அறிவிப்பின் இன்றியமையாக் கூறு என்று கற்பித்தது. சக்கேயுவோ அதனை முன்பே விளங்கிக்கொண்டவர். தம் உடைமையில் பாதியை ஏழைகளுக்கு என்று ஒதுக்கியதோடு அவர் நிறுத்தவில்லை. ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதைத் தனிக்கணக்காக வைத்தார். தருமம் ஒரு கணக்கு, கடன் வேறொரு கணக்கு என்பதை அந்த வரிதண்டுபவர் நன்கறிந்திருந்தார்.

நம் இளையோருக்குப் பணி இல்லாமலில்லை. 2001-ஆம் ஆண்டுப் பட்டியலில் இடம்பெற்ற முதியோர் பலர் இன்று உயிருடன் இருக்க மாட்டார்கள். யார் யாருக்குத் தொகை கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று ஊர் ஊராகக் கேட்டறிய வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு மனு எழுதித் தர வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்க வேண்டும். கிணற்று நீரை ஆண்டுதோறும் ஆய்வுக்கு அனுப்பி முடிவுகளைக் கோப்பில் சேர்க்க வேண்டும். ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் நாளன்று வரிசையில் நிற்கும் விவசாயியோடு, அவர் பெயர் அழைக்கப்படும் வரை உடன் நிற்க வேண்டும். படம் எடுக்கத் தக்க காட்சி எதுவும் அங்கே கிடைக்காது.