ஆயிரம் ரூபாய்த் தூண்டில்

ஏழைக்குச் சேமிக்கும் புத்தி கிடையாதாம்; சர்க்கார் கொஞ்சம் மான்யம் காட்டினால் வயோதிக காலத்துக்குத் தானே சேர்த்து வைத்துக் கொள்வானாம். இதுதான் டில்லியின் வேதாந்தம். 2010-ல் காங்கிரஸ் சர்க்கார் 'ஸ்வாவலம்பன்' என்று ஒரு திட்டம் போட்டது. வருஷம் 1000 ரூபாயாவது கட்டுகிறவர் கணக்கில் சர்க்காரும் 1000 ரூபாய் போடும் என்றது. 2015-ல் மோடி சர்க்கார் அதை எடுத்துவிட்டு 'அடல் பென்ஷன்' கொண்டு வந்தது. கட்டுவதில் பாதி, மிஞ்சினால் வருஷத்துக்கு 1000 ரூபாய் மான்யம். அதுவும் 2016 மார்ச்சுக்குள் சேர்ந்தவருக்கு மட்டும், ஐந்தே வருஷம்!

கணக்கைப் பார்ப்போம், தோழர்களே. 18 வயதில் சேர்ந்து மாதம் 42 ரூபாய் கட்டினால் 60 வயதில் மாதம் 1000 ரூபாய். 2015-ல் சேர்ந்த இளைஞன் அதைக் கையில் வாங்குவது 2057-ல்! அன்று ஆயிரம் ரூபாய்க்கு எத்தனை படி அரிசி கிடைக்கும்? விலைவாசி ஏறினாலும் உத்தரவாதத் தொகை ஏறாது. 40 வயதுக்காரர் 5000 ரூபாய் பென்ஷன் கேட்டால் மாதம் 1454 ரூபாய் கட்ட வேண்டும். நடவுக்கும் அறுப்புக்கும் மட்டும் கூலி பார்க்கிறவர் எங்கே போவார்?

ராமநாதபுரம் கடற்கரையில் காரங்காட்டைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. படகில் கூலிக்குப் போகிறவருக்கு அந்த நாட்களில் வருமானம் ஏது? பாங்கி தவணை தவறாமல் சந்தாவை இழுத்துக்கொள்ளும். கடல் தவணை தவறாமல் படியளக்குமா? ஆனால் இதே மீனவ மக்களுக்கான சேமிப்பு-நிவாரணத் திட்டத்தில் மீனவர் கட்டுவது 1500 ரூபாய். மத்திய சர்க்கார் 1500, மாநில சர்க்கார் 1500 சேர்த்து 4500 ஆகத் திரும்புகிறது. கட்டுகிறவர்கள் புத்தி இல்லாதவர்களா? அடுப்பு எரியாத மாதத்தில் கைக்கு வரும் பணம், அதனால் கட்டுகிறார்கள்.

வசதிக்காரருக்குக் கிடைத்ததையும் கேளுங்கள். அதே 2015 பட்ஜெட்டில், தேசிய பென்ஷன் திட்டத்தில் போடும் 50,000 ரூபாய்க்குக் கூடுதல் வரிவிலக்கு தந்தார்கள். 30 சதவீதம் வரி கட்டுகிறவருக்கு 15,000 ரூபாய் லாபம். ஏழைக்கு ஆயிரம், அவருக்குப் பதினைந்தாயிரம்! அவர் புதிதாகச் சேமித்தாரா? பாங்கியில் கிடந்ததை இடம் மாற்றினார், அவ்வளவுதான். டென்மார்க் நாட்டு மக்களின் கணக்குகளை அலசி 2014-ல் வெளியான ஆராய்ச்சியும் இதைத்தான் கண்டது. வரிச்சலுகையில் சர்க்கார் விட்ட நூறு பங்குக்கு, புதிதாகச் சேர்ந்த சேமிப்பு ஏறத்தாழ ஒரு பங்கு! அங்கே சேமிப்பை உண்மையில் உயர்த்தியது, முதலாளி தானாகவே தொழிலாளி கணக்கில் போட்ட பணம்.

ஆலைத் தொழிலாளிக்கு இது புதிதல்ல. 1952-ன் பிராவிடண்ட் பண்ட் சட்டம் யாருக்கும் ஆசை காட்டவில்லை. தொழிலாளிக்குச் சமமாக நீயும் போடு என்று முதலாளியைக் கட்டாயப்படுத்தியது. அதைத் தட்டிக்கழிக்கத்தான் காண்டிராக்ட் என்ற பெயரில் ஆளைக் கணக்கிலிருந்தே மறைக்கிறார்கள்.

வயல் கூலிக்கும் வலைக்காரருக்கும் அப்படிப் பங்கு போட முதலாளி இல்லை. அங்கே சர்க்கார்தான் முழுப் பொறுப்பு ஏற்கவேண்டும். தமிழ்நாட்டில் 2023-ல் முதியோர் பென்ஷன் 1200 ரூபாய் ஆயிற்று. அதில் 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு டில்லி கொடுத்த பங்கு வெறும் 200 ரூபாய். 2007-ல் கொடுத்ததும் அதே 200 ரூபாய்தான்! சிக்கனம் போதிக்கும் மந்திரிகள் முதலில் இந்த 200 ரூபாய்க்குப் பதில் சொல்லட்டும்.