கையில் 16 மில்லிமீட்டர்... நெஞ்சில்?

போன மாசம் ஒரு புதன்கிழமை. நர்ஸ் அக்கா என் இடது கையை நீட்டச் சொல்லி, வீக்கத்தைத் தடவிப் பார்த்து, ஸ்கேலை வெச்சு, '16 மில்லிமீட்டர்'னு நோட்டில் எழுதினாங்க. செமஸ்டர் ரிசல்ட்டுக்குக்கூட இப்படி வியர்த்ததில்லை பாஸ்!

மேட்டர் இதுதான். என் ரூம்மேட்டுக்கு மூணு வாரமா இருமல். 'லேப் ஏ.சி. ஒத்துக்கலை மச்சான்'னு நாங்களே டாக்டர் ஆகி, இருமல் மிட்டாய் வாங்கிக் கொடுத்தோம். சளி டெஸ்ட்ல டி.பி.னு வந்தது. அன்னிக்கு ராத்திரியே அவனோட தட்டையும் பக்கெட்டையும் யாரோ காரிடாருக்கு வெளியே தள்ளி வெச்சிருந்தாங்க. இத்தனைக்கும் டி.பி. காற்றில் பரவுற நோய், தட்டில் பரவாது. அவன் ஒரு வார்த்தை பேசாம ஊருக்கு பஸ் ஏறிட்டான். ஒரே ரூமில் அவன் இருமின காற்றைச் சுவாசிச்ச எங்க மூணு பேருக்கும்தான் மான்டூ டெஸ்ட்.

1908-ல் பிரெஞ்சு டாக்டர் சார்லஸ் மான்டூ கொண்டுவந்த முறை இது. டி.பி. கிருமியின் புரதத்தில் துளியூண்டு எடுத்து முன்கைத் தோலுக்குள்ளேயே குத்துவாங்க. கிருமியை ஏற்கெனவே பார்த்த டி செல்கள் உடம்பில் இருந்தா, 'டேய், இவன் அவன்தானே!'னு அந்த இடத்துக்கு ஓடி வந்து, மற்ற செல்களையும் கூப்பிட்டுக் கூட்டம் போடும். 48 மணி நேரத்தில் இருந்து 72 மணி நேரத்துக்குள் அந்த இடம் கெட்டியா வீங்கும். சிவப்பு கணக்கில் வராது. கெட்டியா இருக்கிற அகலம் மட்டும்தான் கணக்கு.

ஆக, எனக்கு 16. கிருமி எனக்குள்ளே நுழைஞ்சிருக்கலாம்னு அர்த்தம். நோய் வந்துடுச்சுன்னு அர்த்தம் இல்லை. பிறந்தப்ப போட்ட பி.சி.ஜி. ஊசியாலும் கொஞ்சம் வீங்கலாமாம். எக்ஸ்ரே சுத்தமா இருந்தது. அப்பாடா!

ஆனா இன்ஜினீயரிங் புத்தி சும்மா இருக்குமா? "கையில் ரெண்டே நாளில் இவ்வளவு பெரிய படை வருதே சார், அப்புறம் நுரையீரலில் மட்டும் ஏன் கிருமி ஜெயிக்குது?"னு டாக்டரைக் கேட்டேன். "கை வேற, நுரையீரல் வேற தம்பி"ன்னு ஆரம்பிச்சார்.

கை அரை இஞ்ச் வீங்கினா சொறிஞ்சுக்கலாம். நுரையீரலின் காற்றுப் பைகள் அப்படி வீங்கினா மூச்சு நின்னுடும். அதனால அங்கே தூசிக்கெல்லாம் சண்டை போடாம அடக்கி வாசிக்கிறதுதான் வழக்கம். டி.பி. கிருமிக்கு அது வசதி. தன்னை விழுங்க வந்த மேக்ரோஃபேஜ் செல்லுக்குள்ளேயே குடித்தனம் வெச்சிடும். சேதி நிணநீர் முடிச்சுக்குப் போய், அங்கே டி செல்கள் தயாராகி, நுரையீரலுக்கு வந்து சேர எலிகளிலேயே ரெண்டு வாரத்துக்கு மேல ஆகுது. அதுக்குள்ள கிருமி பெருகிடும். வந்த டி செல்கள் இன்டர்ஃபெரான் காமாவைச் சுரந்து, 'உள்ளே இருக்கிறவனைக் கொல்லு'ன்னு மேக்ரோஃபேஜை உசுப்பணும். ஆனா கிருமியைச் சுற்றி செல்கள் கட்டின கோட்டையில், பல டி செல்கள் வெளிச்சுவர்லயே நின்னுடுது. இன்னொரு பக்கம், சண்டை ரொம்ப முற்றினா நுரையீரலிலேயே ஓட்டை விழும். அந்த ஓட்டையில் நம்ம படையின் கைங்கரியமும் உண்டு.

குடலில் கதையே வேற. கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாடகை இல்லாம குடியிருக்கிற இடம். அங்கே சண்டையை அமர்த்துறதுக்குன்னே ஒரு பிரிவு டி செல்கள் இருக்கு. நம்ம ஹாஸ்டல் மெஸ் சாப்பாட்டைத் தாங்குற குடலுக்கு அந்தப் பொறுமை வேணும்தானே!

இந்தக் 'கை வேற, நுரையீரல் வேற' பாடத்தை நம்ம ஊர் பெரிய விலை கொடுத்துக் கத்துக்கிட்டிருக்கு. 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. சோதனை தொடங்குச்சு. ஐ.சி.எம்.ஆர்., உலக சுகாதார நிறுவனம் எல்லாம் சேர்ந்து நடத்தினது. சுமார் 2.8 லட்சம் பேருக்கு ஊசி. சிலருக்கு நிஜ மருந்து, சிலருக்கு வெறும் திரவம். ரெண்டரை மாசம் கழிச்சுப் பார்த்தா பி.சி.ஜி. போட்டவங்க கை ஜோரா வீங்குது. ரெண்டரை வருஷத்தில் அந்த வீக்கம் பெரும்பாலும் மங்கிடுச்சு. 15 வருஷம் பின்தொடர்ந்து பார்த்ததில், பெரியவர்களின் நுரையீரல் டி.பி.யை அது தடுக்கவே இல்லை. குழந்தைகளுக்கு வர்ற மூளைக்காய்ச்சல் டி.பி.யைத் தடுக்குதுங்கிறதால பி.சி.ஜி. இன்னும் போடுறாங்க.

2020-ல் அமெரிக்காவில் ராபர்ட் செடர் குழு, இதே பழைய பி.சி.ஜி.யைக் குரங்குகளுக்கு வெவ்வேறு வழியில் கொடுத்துச்சு. தோலில் சிலதுக்கு, மூச்சு வழியா சிலதுக்கு, நரம்பு ஊசியா சிலதுக்கு. ஆறு மாசம் கழிச்சு நுரையீரலுக்குள் டி.பி. கிருமியை விட்டாங்க. நரம்பு ஊசி போட்ட 10 குரங்கில் 9 நல்லாவே தப்பிச்சது. அதில் 6-ல் கிருமியின் தடயமே இல்லை! அந்தக் குரங்குகளின் நுரையீரலில் டி செல்கள் முன்கூட்டியே போய்க் குடியேறி இருந்தன. உடனே 'எனக்கும் நரம்புல போடுங்க'ன்னு கிளம்பிடாதீங்க. உயிருள்ள கிருமியை மனுஷ ரத்தத்தில் ஏத்துறது பாதுகாப்பாங்கிறது தனிப் பஞ்சாயத்து.

எனக்கு டாக்டர் எழுதினது தடுப்பு மாத்திரை. வாரம் ஒரு நாள், 12 வாரம். போட்ட அன்னிக்கு சிறுநீர் ஆரஞ்சு கலர்ல போகும். முன்னாடியே சொல்லிட்டாங்க, இல்லைன்னா பாத்ரூம்லயே மயங்கியிருப்பேன்.

மச்சான் திரும்பி வந்து ஒரு வாரம் ஆச்சு. 'இனி உன்னால யாருக்கும் பரவாது'ன்னு டாக்டர் சொன்ன பிறகுதான் வந்தான். ஆனாலும் ஆறு மாச மாத்திரையை முழுசா முடிக்கணும். வந்த அன்னிக்கு மெஸ்ஸில் தட்டோடு தனி டேபிளைத் தேடிப் போனான். நாங்க மூணு பேரும் எங்க தட்டைத் தூக்கிக்கிட்டு அங்கேயே போய் உட்கார்ந்தோம். என் ஆம்லெட்டில் பாதியை வழக்கம்போல கேட்காமலே எடுத்துக்கிட்டான் திருட்டுப் பய!