புழுதிக்கு ஒரு வக்காலத்து

தார் போட்டுவிட்டால் நாகரிகம் வந்துவிட்டது என்று நம்புகிறவர்கள் எல்லாத் தேசத்திலும் உண்டு. இத்தாலியிலும் இருந்தார்கள். டஸ்கனிப் பிரதேசத்தில், திராட்சைத் தோட்டங்களுக்கும் ஆலிவ் தோப்புகளுக்கும் நடுவே வளைந்து செல்லும் சரளைப் பாதைகளுக்கு ‘வெள்ளைச் சாலைகள்’ என்று பெயர். அவற்றை ஒவ்வொன்றாகத் தார் விழுங்கிக்கொண்டிருந்தது.

1997இல் கியாந்தி மலைப்பக்கத்துக் கயோலே என்ற சிற்றூரிலிருந்து 92 பேர் சைக்கிளேறி அந்தப் புழுதிக்குள் புறப்பட்டார்கள். ‘எரோய்க்கா’ என்ற அந்தச் சவாரியை ஏற்பாடு செய்தவர் ஜான்கார்லோ ப்ரோச்சி. பார்த்தவர்களுக்கு அது வேடிக்கை. அவருக்கு, அந்தப் பாதைகளுக்காகத் தொடுத்த வழக்கு. இன்று அங்கே 209 கிலோமீட்டர் சைக்கிள் வழி, அடையாளப் பலகைகளோடு நிலைத்து நிற்கிறது. 2007 முதல் பேர்பெற்ற பந்தய வீரர்களும் அந்தப் புழுதியில் மிதிக்கிறார்கள்.

“வசதியுள்ளவனின் பொழுதுபோக்குக்காகக் குடியானவன் புழுதி தின்ன வேண்டுமா?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வைத்தியர் வரவும் விளைச்சல் சந்தைக்குப் போகவும் தார் ரோடு வேண்டும், யார் மறுத்தார்கள்? ஆனால் தோப்புக்குள் போகிற பாதைக்கும் எதற்கு ஐயா தார்? வழவழப்பான ரோடு குடியானவனோடு நின்றுவிடாது. குறுக்கு வழி தேடும் மோட்டார்க்காரனையும் கூட்டி வரும். அப்புறம் கிழவியும் குழந்தையும் வேலியோரம் ஒதுங்க வேண்டியதுதான். சரளையோ வேகத்தைத் தானே தண்டித்துவிடும், போலீஸ்காரன் வேண்டாம்.

சைக்கிள்காரன் அங்கே விட்டுப்போவது ஒரு கோடு. அடுத்த காற்றில் அதுவும் அழிந்துவிடும். தார் அப்படி அழியுமா? பீப்பாயைக் கவிழ்க்குமுன் அதையாவது யோசியுங்கள்!