பாம்பு பிழைத்தது, இருளர் பிழைத்தனரா?

ரோமுலஸ் விட்டேகர் என்ற பெயரைப் பத்திரிகை படிக்கும் தோழர்கள் அறிவார்கள். அமெரிக்காவில் பிறந்து இந்தியப் பிரஜையானவர். சென்னையில் பாம்புப் பண்ணை கண்டவர். 1976-ல் மனைவி ஜாயோடு சேர்ந்து மாமல்லபுரம் சாலையில் முதலைப் பண்ணை தொடங்கினார். மாமனார் ஜாபர் ஃபுட்டஹல்லியும் இயற்கைப் பாதுகாப்பில் பேர்போனவர். 2018-ல் விட்டேகருக்குப் பத்மஸ்ரீ வந்தது. நல்ல காரியம் செய்த குடும்பம். அதைத் தூற்ற நாம் எழுதவில்லை.

இவருக்கு எதிர்ப்புறம் நின்றவர் தோல் வியாபாரி. பாம்புத் தோலைப் பதனிட்டுக் கப்பலேற்றினார். அது சீமைச் சீமாட்டிகளின் கைப்பையானது.

இருவருக்கும் நடுவே ஒருவன் இருந்தானே, அவன் குடும்பக் கதையை எழுதியது யார்? வரப்பில் ஒரு தடத்தைப் பார்த்து, எந்த வளை, என்ன பாம்பு என்று சொல்லிக் கடப்பாரை போடும் இருளர்தான் அந்த நடு ஆள். வியாபாரி அவருக்குக் கொடுத்தது தோலுக்குச் சில ரூபாய். 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்தது. 1976-ல் பாம்புத் தோல் ஏற்றுமதியே நின்றது. முதல் வைத்திருப்பவன் ஒரு சரக்கு போனால் இன்னொரு சரக்குக்கு மாறிக்கொள்வான். கடப்பாரையே முதலாக உள்ளவன் எங்கே மாறுவான்?

விட்டேகர் இதை உணர்ந்தார். 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. பிடித்த பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுத்துத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் கடிக்கு மருந்து. 2000 முதல் 2019 வரை நம் நாட்டில் பாம்புக் கடியால் செத்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் கிராமத்து ஜனங்கள். நாற்றங்காலிலும் கரும்புத் தோட்டத்திலும் வெறுங்காலோடு நிற்கும் தோழனே, உன் உயிருக்கான மருந்து இருளர் கையிலிருந்து வருகிறது! 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. மகிழ்ச்சி.

ஆனால் அந்தச் சங்கத்தில் இருப்பது சில நூறு பேர். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து இருளர் குடும்பங்களுக்கு என்ன வழி? அட்வான்ஸ் வாங்கு, செங்கல் சூளைக்குப் போ, கரும்பு வெட்டு, மரம் வெட்டு. புருஷன், பெண்டாட்டி, பிள்ளை மூவரும் உழைத்தாலும் கணக்கு நோட்டில் கடன் குறைவதில்லை. பிள்ளை பள்ளியை விட்டுச் சூளையில் கல் திருப்புகிறது. இதுவும் குடும்ப வாழ்க்கைதான், கனவான்களே!

வேடிக்கையைக் கேளுங்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டமும் அதே 1976-ல்தான் வந்தது. பாம்புத் தோலைத் துறைமுகத்தில் மறிக்கத் தெரிந்த சர்க்காருக்கு, மனிதனைச் சூளை வாசலில் மறிக்கத் தெரியவில்லை. 43 வருஷம் கழித்து, 2019 ஜூலையில், காஞ்சிபுரம், வேலூர் பக்கத்து மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை அதிகாரிகள் மீட்டார்கள். அதில் ஒரு கிழவர் அதிகாரியின் காலில் விழுந்தார். சட்டப்படி தனக்குள்ள விடுதலைக்காக ஒரு மனிதன் காலில் விழுவதா?

கொத்தடிமை விடுதலைச் சான்றும் பழங்குடி ஜாதிச் சான்றும் கொடுக்க வேண்டியது ஒரே மேசை: கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் மேசை. முதல் காகிதம் இல்லையேல் கடன் ரத்தில்லை, நிவாரணமில்லை. இரண்டாவது இல்லையேல் பிள்ளைக்கு உதவிப்பணமும் மேல்படிப்பு இடமும் இல்லை. விவசாயத் தொழிலாளர் சங்கமும் மில் தொழிலாளர் சங்கமும் ஊர் ஊராய்ப் பெயர் எழுதி, இரண்டு மனுக்களையும் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அந்த மேசைமீது வைக்க வேண்டும். வாங்கியதற்கு ரசீது பெறாமல் எழுந்து வரக் கூடாது.