நட்புயிரும் அதன் பெயரும்

பெங்களூரில் குடியேறிய நம்மவர் இல்லங்களில் நான்கு பூந்தொட்டிகளேனும் இல்லாத மாடி அரிது. ரோஜா, அவரை, வெண்டை, கத்தரி என ஏதேனும் ஒன்று அங்கே வளர்கிறது. பங்குனி, சித்திரை வெயில் ஏறும்போது அவற்றின் இலைகளில் வெண்புள்ளிகள் தோன்றுகின்றன. பின்னர் இலை வெளிறிப் பழுப்பேறி உதிர்கிறது. இலையைத் திருப்பிப் பார்த்தால் நூலாம்படை போன்ற மெல்லிய வலையும், அதனுள் ஊசி முனையளவான உயிர்களும் தெரியும். உழவர்கள் ‘சிவப்புச் சிலந்தி’ என்று கூறும் சிலந்திப்பேன்கள் இவையே. இவற்றைப் பூச்சி என்று எண்ணுதல் பொருந்தாது. வளர்ந்தபின் இவற்றுக்கு எட்டுக் கால்கள். சிலந்திக்கும் தேளுக்கும் இவை உறவு.

இலைச்சாற்றை உறிஞ்சும் இப்பகைக்கும் ஒரு பகை உண்டு. அதே இலையின் அடியில், நரம்பின் ஓரத்தில், வழவழப்பான உடலுடன் விரைந்தோடும் மற்றோர் உண்ணியைக் காணலாம். அதன் நீளம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. சிலந்திப்பேனின் முட்டையையும் குஞ்சையும் குத்தி உறிஞ்சுவதே அதன் பிழைப்பு. இத்தகைய இரைவிழுங்கி உண்ணிகளை ‘ஃபைட்டோசீடே’ என்னும் குடும்பத்தில் சேர்த்துள்ளனர். உலகெங்கும் 2,000-க்கும் மேற்பட்ட இனங்கள் இக்குடும்பத்தில் அறியப்பட்டுள்ளன.

அவற்றுள் நம் நாட்டில் பரவலாகக் காணப்படுவது ‘நியோசீயுலஸ் லாஞ்சிஸ்பைனோசஸ்’. நீண்ட முட்களை உடையது என்பது இரண்டாம் சொல்லின் பொருள். அதன் முதுகிலுள்ள மயிர்களைக் குறித்தது அப்பெயர். 1952-இல் எவான்ஸ் என்னும் அறிஞர் இந்தோனேசியாவிலிருந்து கிடைத்த உண்ணியை ஆராய்ந்து, ‘டைஃப்ளோட்ரோமஸ்’ என்ற பேரினத்தில் வைத்தார். பின்னர் அது ‘ஆம்ப்ளிசீயஸ்’ பேரினத்திற்கு மாறியது. இன்று ‘நியோசீயுலஸ்’ பேரினத்தில் நிற்கிறது. இவ்வாறு பேரினம் மாறினால், முதலில் பெயரிட்டவரின் பெயரை அடைப்புக் குறிக்குள் எழுத வேண்டும் என்பது விலங்கியல் மரபு. தந்தை பெயரின் முதலெழுத்து ஒரு பதிவேட்டில் ஒருவாறும் மற்றொன்றில் வேறுவாறும் விரிந்து கிடக்க, ஆள் ஒருவரே என மெய்ப்பிக்க அலைந்த நம் குடும்பங்களுக்கு இவ்வடைப்புக் குறியின் அருமை எளிதில் விளங்கும்.

இவ்வினம் இந்தியா, இலங்கை, தாய்லாந்து, மலேசியா, பிலிப்பைன்ஸ், தைவான் முதலிய நாடுகளில் பரவியுள்ளது. சப்பானிலும் இது உண்டென்று நெடுங்காலம் எழுதி வந்தனர். 1975-இல் ஷிக்கா என்பவர் ஆஸ்திரேலியாவிலிருந்து ‘வோமர்ஸ்லேயி’ என்னும் நெருங்கிய இனத்தை விளக்கினார். அதன்பின் ஒப்பிட்டு நோக்கியபோது, சப்பானில் பழைய பெயரால் ஆராயப்பட்டவற்றுட் பல இப்புதிய இனமே எனத் தெரிந்தது. மயிர்களின் நீளத்திலுள்ள சிறு வேறுபாடே இரண்டையும் பிரித்துக் காட்டிற்று.

மயிரளவு வேறுபாட்டிற்கு இத்தனை ஆராய்ச்சியா என்று வினவலாம். இனத்திற்கினம் உணவும், தாங்கும் வெப்பமும், பெருகும் விரைவும் வேறுபடுகின்றன. 1997-இல் மெக்மர்ட்ரி, கிராஃப்ட் என்னும் இருவர் இவ்வுண்ணிகளை உணவுப் பழக்கத்தால் நால்வகைப்படுத்தினர். சிலந்திப்பேனை மட்டுமே பெரிதும் நம்பி வாழ்வன ஒருவகை. அதனை விரும்பியுண்டு பிறவற்றையும் ஏற்பன ஒருவகை. எதையும் உண்பன ஒருவகை. பூந்தாதை முதன்மையாகக் கொண்டு வாழ்வன மற்றொரு வகை. நம் லாஞ்சிஸ்பைனோசஸ் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. பூந்தாது உண்ணும் உண்ணியைச் சிலந்திப்பேன் வலையினுள் விட்டுக் காத்திருக்கும் உழவனுக்குப் பொருளும் பருவமும் வீணாகும். ஆகவே பெயர் பிழைத்தால் பயிர் பிழைக்காது.

இத்துறையில் நம் நகருக்குத் தனிச் சிறப்புண்டு. 1964-இல் இங்கே தோன்றிய வேளாண் பல்கலைக்கழகத்தில் உண்ணியியலை வளர்த்தவர் சன்னபசவண்ணா. செடிகளில் கொப்புளம் உண்டாக்கும் எரியோபைட் உண்ணிகளைப் பற்றிய அவருடைய நூல் 1966-இல் வெளிவந்தது. ஹெப்பாளில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிலையம், பயிருக்கு நன்மை செய்யும் சிற்றுயிர்களை இனங்கண்டு பேணும் பணியில் ஈடுபட்டுள்ளது. ஓசூர்ப் பக்கத்து ரோஜாப் பண்ணைகளில் நம்மவர் பலர் உழைக்கின்றனர். அவர்கள் நாள்தோறும் போராடும் பகைகளுள் சிலந்திப்பேனும் ஒன்று. மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளித்தால் சிலந்திப்பேன் அதற்குப் பழகிவிடுகிறது; ஆனால் அதனைத் தின்னும் உண்ணியோ மடிகிறது. தடுப்பார் இல்லாமையால் பகை முன்னிலும் பன்மடங்காகப் பெருகுகிறது. தெளிப்பவர் நுரையீரலும் அம்மருந்துக்கு விலக்கன்று.

வீட்டுத் தோட்டம் வைத்திருக்கும் அன்பர்கள் மருந்துக் குப்பியைத் தேடுமுன் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைக்கண்ணாடி ஒன்றை வாங்குக. இலையின் அடிப்புறத்தைப் பார்க்கப் பிள்ளைகளையும் பழக்குக. வலைக்குள் மெல்ல ஊர்வது பகை. அதன் நடுவே விரைந்தோடுவது பெரும்பாலும் நட்பு. நட்புயிர் தென்படாத இலைகளை அடிப்புறம் நனையுமாறு நீர் பீய்ச்சிக் கழுவுக. மிகவும் பழுதுற்றவற்றைக் கிள்ளி அகற்றுக. ஓடும் உண்ணி நான்கைந்து கண்ணிற்பட்டால், ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தபின் மேற்கொண்டு செய்வதை முடிவு செய்யலாம்.