உள்ளுக்குப் போகலாமோ?

போன கிழமை அம்மாவோடு ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் செயின்ட் ஜோர்ஜ் வளாகத்துக்குப் போனேன். கென்னடி ஸ்டேஷனில் சப்வே ஏறினால் ரயில் மாறாமலே போய்ச் சேரலாம். ஆனாலும் யூனிவர்சிட்டி காலேஜின் கல் வாசலில் அம்மா நின்றுவிட்டார். "உள்ளுக்குப் போகலாமோ பிள்ளை? ஆரும் ஏதும் சொல்ல மாட்டினமோ?" இந்த நகரத்துக்கு வந்து அவருக்கு 26 வருசம்.

ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் வீடுகளில் இந்தப் பெயரைக் கேட்காத பிள்ளை இல்லை. ஆனால் போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? கம்பஸ் என்றால் எடுபட்ட பிறகுதான் கால் வைக்கிற இடம் என்று நினைக்கிறோம். அது பிழை என்கிறேன்.

பல்கலைக்கழகம் தொடங்கியது 1827இல். யூனிவர்சிட்டி காலேஜ் கட்டிடம் 1859இல் முடிந்தது. 1890இல் தீயில் எரிந்து, திரும்பக் கட்டப்பட்டது. அங்கே பெண்களைப் படிக்கவிட்டது 1884இல்தான். பக்கத்தில் இருக்கும் ஹார்ட் ஹவுஸ் 1919இல் திறந்தது, ஆண்களுக்காக. 1957இல் ஜோன் எஃப். கென்னடி அங்கே விவாதத்துக்கு வந்தபோதும் மாணவிகளுக்கு உள்ளே இடமில்லை. வெளியே நின்று எதிர்ப்புக் காட்டினார்கள். பெண்கள் முழு உறுப்பினர்களானது 1972இல். அதே ஹார்ட் ஹவுஸில் நானும் அம்மாவும் இருந்து தேத்தண்ணி குடித்தோம்.

அந்தக் கற்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்பதற்குத்தான் இதைச் சொல்கிறேன். வெளியே நின்றவர்கள் விடாமல் கேட்டதால் திறந்த கதவுகள் அவை. இன்று திறந்திருக்கும்போது நாங்களே வெளியே நிற்பதா?

"மார்க் வராவிட்டால்? ஆசைப்பட்டு ஏமாறுவதா?" என்று சிலர் கேட்பீர்கள். பார்க்காமல் ஆசைப்படுவதுதான் ஏமாற்றம். நேரில் பார்த்தால், "இது எனக்குச் சரிவராது, ஸ்காபரோ வளாகமே போதும்" என்றும் தோன்றலாம். அதுவும் நல்லதுதான். அது நீங்கள் எடுத்த முடிவு. மாமாவின் மகளைப் பார்த்து எடுத்தது இல்லை.

ஒன்பதாம் வகுப்பிலேயே ஒருநாள் போங்கள். வகுப்பு நடக்கும் அறைகளை விடுங்கள். முற்றத்தில் நடவுங்கள், புல்லில் இருங்கள். அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

திரும்பும்போது என் அம்மா கேட்டது ஒன்றுதான்: "அடுத்த முறை அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு வருவமே?"