ஜீப்பை உயர்த்துவதா, செப்பம் செய்வதா?

பழைய பம்பாய்த் தீவின் எல்லையிலே அமைந்த ஊர் சயான். எல்லை என்னும் பொருளுடைய மராத்திச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்ததென்பர். 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கம்பெனியார் கட்டிய கோட்டை இங்குள்ள குன்றின்மேல் இன்றும் நிற்கிறது. குன்று உயர்ந்தது; அதனைச் சூழ்ந்த தெருக்களோ தாழ்ந்தவை. பெருமழையும் கடலின் ஏற்றமும் ஒருசேர வருங்கால், சயானிலும் அடுத்துள்ள மாட்டுங்காவிலும் நீர் தேங்குதல் வழக்கம். 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் தொடங்கிய பெருமழையில், சாந்தாகுரூஸ் வானிலை நிலையம் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழையைப் பதிவு செய்தது. மோட்டார் வண்டிகளுக்குள்ளேயே அகப்பட்டு அன்று உயிர் துறந்தோரும் உண்டு.

இத்தகைய ஊரில் வாழ்பவர் தம் வண்டியைச் சற்று உயர்த்திக்கொள்ள விரும்புவது இயல்பே. காட்டுப் பாதையிலும் ஆற்றுத் துறையிலும் ஜீப்பைச் செலுத்தும் கள அலுவலர்களுக்கும் இவ்விருப்பம் உண்டு. சயானை அடுத்த குர்லாவில் உதிரிப் பொருட்கடைகளுக்குக் குறைவில்லை. குறைந்த செலவில் இரண்டங்குல உயரம் என்பது கேட்பதற்கு இனிமையாகவே இருக்கிறது. ஆயினும் இச்சிக்கனம் மெய்யான சிக்கனந்தானா என்பதை ஆராய்தல் நம் கடமை.

வில் தகடுகள் பொருந்திய ஜீப்பை மலிவாக உயர்த்தும் முறைகள் மூன்று. பட்டறையார் கமான் பட்டை என்று வழங்குவது இத்தகடுகளையே. முதலாவது முறை, பட்டையின் ஒரு முனையைச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிலை நீளமாக்குதல். ஷேக்கில் நான்கங்குலம் நீண்டால் வண்டி ஏறத்தாழ இரண்டங்குலமே உயரும். நீண்ட ஷேக்கில் பக்கவாட்டில் ஆடும். முன் அச்சின் சாய்வும் மாறுவதால், வளைவு கடந்தபின் ஸ்டீயரிங் தானே நேராகும் இயல்பு குன்றக்கூடும். இரண்டாவது, அச்சுக்கும் பட்டைக்கும் இடையே ஒரு கட்டையைச் செருகி, நீண்ட யூ போல்ட்டுகளால் இறுக்குதல். பிரேக்கை அழுத்துங்கால் அச்சு சுழல முயல்கிறது; கட்டையோ நெம்புகோலாகிப் பட்டையை முறுக்குகிறது. முன் அச்சில் இம்முறையைக் கையாளுதல் பேராபத்து. மூன்றாவது, கட்டில் மற்றொரு பட்டையைச் சேர்த்தல். இது மற்ற இரண்டினும் மேலானது எனலாம். ஆயினும் வில்லின் விறைப்பு மிகுவதால், சுமையின்றிச் செல்லும்போது வண்டி குதிக்கும். சக்கரம் தரையைப் பற்றுதலும் குறையும்.

இவ்வளவும் செய்து பெறும் பயன் யாது? அடிச்சட்டமும் பெட்ரோல் தொட்டியும் உயர்கின்றன; மேட்டில் ஏறி இறங்கும்போது முகப்பும் பின்புறமும் இடியாமல் தப்புகின்றன. இதனை மறுப்பதற்கில்லை. ஆனால் ஜீப்பின் அடியில் மிகத் தாழ்ந்த பகுதி, அச்சின் நடுவே உள்ள டிபரன்ஷல் பெட்டியே. வில்லை எவ்வளவு உயர்த்தினும் அப்பெட்டி ஒரு நூலளவும் உயராது. பெரிய சக்கரமே அதனை உயர்த்த வல்லது. பாதையில் கிடக்கும் கல், முன்பு எப்பகுதியை இடித்ததோ அப்பகுதியையே இன்றும் இடிக்கும்.

இழப்பையும் கணக்கிடுவோம். இரு பக்கச் சக்கரங்களின் இடைவெளி 140 சென்டிமீட்டர், புவியீர்ப்பு மையத்தின் உயரம் 70 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். இடைவெளியின் பாதியை உயரத்தால் வகுக்க 1 வரும்; அசையாத வண்டி 45 பாகைச் சரிவில் கவிழும் என்பது பொருள். உடலை 5 சென்டிமீட்டர் உயர்த்த, மையம் 4 சென்டிமீட்டர் உயர்வதாயின், எல்லை ஏறத்தாழ 43 பாகையாகக் குறையும். இது சிறிதெனத் தோன்றலாம். ஆனால் மெய்யான வண்டி வில்லின்மேல் நிற்பது. வளைவில் அது சாயுந்தோறும் மையம் வெளிப்புறம் நகர்கிறது. கூரைமேல் சுமையும் உள்ளே எண்மரும் இருப்பின், எஞ்சிய பாதுகாப்பில் ஒவ்வொரு பாகையும் விலைமதிப்புடையது.

வெள்ளத்தைக் கடக்க உயர்த்துகிறோம் என்பாரும் உளர். எஞ்சின் காற்றிழுக்கும் வாய் இரண்டங்குலம் உயர்வது உண்மையே. ஆயினும் அச்சுகள் நீருக்குள்ளேயே இருக்கின்றன. ஓடும் வெள்ளம் இரண்டடி ஆழமிருப்பின் பெரிய வண்டிகளையும் அடித்துச் செல்ல வல்லது. உயரம் தரும் துணிவு, உயரம் தரும் பாதுகாப்பினும் பன்மடங்கு பெரிதாயிருப்பதே இங்குள்ள கேடு.

சட்டத்தையும் மறத்தலாகாது. உற்பத்தியாளர் குறித்த அமைப்புக்கு மாறாக, பதிவுச் சான்றின் விவரங்கள் வேறுபடும்படி வண்டியை மாற்றுதலை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதனை வலியுறுத்தியது. அவ்வாண்டின் திருத்தம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடந்தருகிறது.

ஆகவே என் கருத்து இது. கள அலுவலர் வண்டி தாழ்ந்ததெனக் கண்டால், முதலில் அது தன் பழைய உயரத்தில் நிற்கிறதா என்று அளந்து பார்த்தல் வேண்டும். சமதரையில் நிறுத்தி, அச்சுக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளியை நான்கு மூலைகளிலும் குறித்து, கையேட்டோடு ஒப்பிடுக. ஆண்டுகள் பல உழைத்த வண்டியில் தொய்ந்த பட்டைகளே குற்றவாளியாயிருத்தல் கூடும். அவற்றுக்குப் பதிலாக அதே அளவுள்ள புதிய பட்டைகளும், புதிய புஷ்களும், நல்ல ஷாக் அப்சார்பர்களும் பொருத்தினால், இழந்த உயரம் சட்டத்துக்கு உட்பட்டே மீளும். கூரைச் சுமையைக் கீழே இறக்குதல் செலவில்லாத சீர்திருத்தம். இவற்றுக்குப் பின்னும் உயரம் தேவைப்படின், உரிய வண்டியைக் கேட்டுப் பெறுதலே முறை. பிரேக் குழாயின் நீளத்தையும் சுழல் தண்டின் கோணத்தையும் கருதாது கட்டையைச் செருகுதல் விஞ்ஞானமன்று.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலே எளிதில் காட்டலாம். ஒரு பலகைமேல் பொம்மை வண்டியைக் குறுக்காக நிறுத்தி, கீழ்ப்பக்கச் சக்கரங்கள் வழுக்காதபடி மெல்லிய சட்டம் ஒன்றை ஒட்டுக. பலகையை மெல்ல உயர்த்தி, வண்டி கவிழும் கோணத்தைக் குறிக்கவும். பின்னர் அதே சுமையைத் தக்கைமேல் உயர்த்தி வைத்து மறுபடியும் அளக்கவும். இரண்டு எண்களும் மாணவர் கண்முன் நிற்கும். நாளை அவர்களுள் ஒருவர் மலைப்பாதையில் பத்துப் பேரை ஏற்றிச் செல்லும் ஓட்டுநராகலாம். அன்று அவர்களைக் காப்பது வண்டியின் உயரமன்று; இன்று பலகையின்மேல் கண்ட அவ்விரண்டு எண்களின் நினைவே.